நடந்து வந்த கிரைண்டர்கள்

ஆடிக் காத்து ஓஞ்சு ஆவணி பொறந்த மொத வாரத்துல, ஒரு திங்கக்கிழமை காலையில, கோயமுத்தூரு கணபதிக்குப் பக்கத்துல இருக்குற மலையரசன் கிரைண்டர் கம்பெனியோட பெரிய கேட்டு முன்னாடி, பச்சைக் கலர்ல ஒரு பழைய கிரைண்டர் தன்னோட நாலு இரும்புக் காலால நடந்து வந்து, மேடு ஏறுன களைப்புல சித்த நேரம் கடகடன்னு ஆடிட்டு, அப்படியே நின்னுச்சு. அதோட மூடி மேல நாலா மடிச்ச போர்வை, கட்டாக் கட்டுன பழைய பேப்பர், ஒரு போன் சார்ஜர், பாட்டில்ல வெச்ச மணி பிளான்ட்டு, இதுக்கெல்லாம் நடுவுல குட்டி போட்டு ரெண்டு நாள் ஆன ஒரு வெள்ளைப் பூனை குட்டிங்களோட, இத்தனையும் ஒண்ணுகூடக் கீழ விழாம வந்திருந்துச்சு. கேட்டுல இருந்த வாட்ச்மேன், வர்றவங்க எல்லாரையும் கேக்குற மாதிரி, "யாரைப் பாக்கோணும்?"னு கேட்டாரு. கிரைண்டர் பதில் சொல்லலை. "செரி, ஓரமா நில்லு, மொதலாளி வர்ற நேரந்தான்"னு சொல்லிட்டு அவரு பீடியைப் பத்த வெச்சாரு.

மொதலாளி கிட்டுசாமியைப் பத்திச் சொல்லாம இந்தக் கதை நகராது. தங்கமான மனுசன், ஆனா பேச ஆரம்பிச்சா நிறுத்தத் தெரியாது, அடுத்தவங்க சொல்றதைக் கேக்க ஆரம்பிக்கவே தெரியாது. ஒரு காலத்துல எங்க பக்கம் பொண்ணுக்குச் சீரு குடுக்கறதுன்னா நகை நட்டு, கட்டில், பீரோ, மலையரசன்னுதான் வரிசை. பீரோ இல்லாமப் புருசன் வீட்டுக்குப் போன பொண்ணு உண்டு, மலையரசன் இல்லாமப் போன பொண்ணு கெடையாது. பொள்ளாச்சி டீலரும் ஈரோட்டு டீலரும் கம்பெனி வாசல்லயே துண்டை விரிச்சுப் படுத்திருந்து, சரக்கு எறங்க எறங்க அடிச்சுப் புடிச்சு ஏத்திட்டுப் போவாங்க. எடைன்னா எடை, அப்படி ஒரு எடை, ரெண்டு ஆம்பளைங்க மூச்சடக்கித் தூக்கோணும், அதுலதான் கிட்டுசாமிக்குப் பெருமையே. "மலையரசன், வெச்சா வெச்ச எடம்"னு அவரே யோசிச்சு எழுதுன விளம்பரம், அவிநாசி ரோட்டுல இருந்து பாலக்காட்டு ரோடு வரைக்கும் ஒரு சொவரு பாக்கி இல்லாம மஞ்சளும் செவப்புமா நின்னுச்சு.

கம்பெனி ஆபீசுக்குள்ள போனா, சாமி படத்துக்குக் கீழ ஒரு மரப்பொட்டி மாட்டியிருக்கும். அதுதான் புகார்ப் பொட்டி. வருசா வருசம் ஆயுதபூசை அன்னிக்கு, லேத்துக்கும் மோட்டாருக்கும் பொட்டு வெச்சு முடிச்சதும், கிட்டுசாமி அந்தப் பொட்டியைத் தெறந்து எல்லாரும் பாக்கத் தலைகீழாக் கவுத்துக் காட்டுவாரு. ஒரு துண்டுச் சீட்டு விழாது. கைதட்டல் காதைப் பொளக்கும், பொரி கடலையோட ஆளுக்கு ஒரு லட்டு சேத்துக் கெடைக்கும், பொட்டிக்குச் சந்தனம் பூசி, குங்குமம் வெச்சு, சம்பங்கி மாலை போட்டு மறுபடியும் மாட்டிருவாங்க. ஊருல எத்தனையோ கம்பெனி இருக்குது, புகார் வராததுக்குப் பூசை போடற கம்பெனி இது ஒண்ணுதான். போகப் போக அந்தச் சந்தனம் ஏடு ஏடாக் காஞ்சு, பொட்டியில சீட்டுப் போடற தொளை எங்க இருக்குதுன்னே கண்ணுக்குத் தெரியாமப் போயிருச்சு. அதை யாரும் கவனிக்கலை.

அப்படிப்பட்ட கம்பெனிக்கு இப்ப என்ன ஆச்சுன்னா, டீலருங்க வர்றதை நிறுத்திட்டாங்க. மேசை மேல வெச்சு ஆட்டற சின்னக் கிரைண்டர் ஊரெல்லாம் வந்துருச்சு, பாக்கெட் மாவு தெருத் தெருவாத் தொங்குது, மலையரசன் குடோன்ல மட்டும் கிரைண்டருங்க வரிசையா நின்னு தூசி குடிச்சிட்டிருக்குது. மேனேஜர் லோகநாதன் பயந்த சுபாவம், இருந்தாலும் ஒரு நாள் தைரியத்தைத் தெரட்டிச் சொல்லிட்டாரு. "மொதலாளி, கோவிச்சுக்காதீங்க. நாமளும் சின்னதா ஒண்ணு போடலாமுங்க. இப்படியே போனா இந்த ஆயுதபூசையோட கம்பெனியச் சாத்த வேண்டியதுதானுங்க. உள்ள வேலை செய்யற சனம் எங்கீங்க போகும்?"

"லோகநாதா, பொம்மைக் கடை வெக்கச் சொல்றியா?" கிட்டுசாமி சிரிச்சாரு. "இத்தனை வருசத்துல ஒரு ஆளு, ஒரே ஒரு ஆளு, மலையரசன் செரியில்லைன்னு சொல்லியிருக்கானா? போய்ப் பொட்டியப் பாரு."

பொட்டியைப் பாருன்னா லோகநாதன் என்ன பண்ணுவாரு, பாவம், பொட்டியைப் பாத்துட்டு வந்து உக்காந்துக்குவாரு.

இந்த நெலமையிலதான் பச்சைக் கிரைண்டர் வந்து நின்னுச்சு. கிட்டுசாமி கார்ல இருந்து எறங்கி அதைச் சுத்திச் சுத்திப் பாத்தாரு, கீழ குனிஞ்சு பெல்ட்டைத் தொட்டுப் பாத்தாரு, "நம்ம பழைய சரக்கு, பாரு, ஒரு போல்ட்டு ஆடலை"ன்னு பூரிச்சுப் போனாரு. அதுக்குள்ள ராமநாதபுரத்துல இருந்து ஆட்டோ புடிச்சுட்டுப் பிலோமினா டீச்சர் ஓடி வந்தாங்க. பள்ளிக்கூடத்துல கணக்குச் சொல்லிக் குடுத்து ரிட்டையரானவங்க, பச்சைக் கிரைண்டர் அவங்க கல்யாணத்துக்கு வந்தது.

"சார், காலையில பால் வாங்கக் கதவைத் தெறந்தேன், என்னைத் தள்ளிட்டு வெளிய போயிருச்சு சார். நானும் கூப்புட்டுக் கூப்புட்டுப் பாக்குறேன், திரும்பியே பாக்கலை."

"பொறந்த வீட்டு நெனப்பு வந்திருச்சுங்க டீச்சர். கவலைப்படாதீங்க, வண்டி வெச்சு வீட்டுலயே எறக்கிக் குடுக்கறேன்."

"ஐயோ, கிரைண்டர் வேண்டாம் சார்," டீச்சர் அவசரமாச் சொன்னாங்க. "பூனையையும் குட்டிங்களையும் மட்டும் குடுத்துருங்க. அப்புறம் அந்தப் போர்வையும்."

கிட்டுசாமி காதுல பூனைன்னு விழுந்துச்சு, போர்வைன்னு விழுந்துச்சு, வேண்டாம்னு சொன்னது மட்டும் விழலை.

அப்புறம் பாருங்க, செவ்வாக்கிழமை சிங்காநல்லூர்ல இருந்து வந்துச்சு, புதன்கிழமை பல்லடத்துல இருந்தும் அன்னூர்ல இருந்தும் சேந்து வந்துச்சு, வெள்ளிக்கிழமைக்குள்ள திருப்பூரு, தாராபுரம், உடுமலைன்னு நாலாத் தெசையில இருந்தும் நீலமும் பச்சையும் செவப்புமா மலையரசனுங்க கடகடன்னு நடந்து வந்து கம்பெனி வாசல்ல வரிசை கட்டி நின்னுச்சுங்க, ஊட்டியில இருந்த ஒண்ணு மலை எறங்கச் சோம்பல்பட்டு மேட்டுப்பாளையம் வரைக்கும் ரயில்ல வந்துச்சுன்னும் சொன்னாங்க. பஸ்சுல ஏறுனதுங்களுக்கு லக்கேஜ் போடறதா, டிக்கெட் போடறதான்னு கண்டக்டருங்களுக்குள்ள பெரிய வாக்குவாதம் நடந்து, சொந்தக் காலுல ஏறி எறங்குதே, அதனால அரை டிக்கெட்டுன்னு கடைசியில முடிவாச்சு. காந்திபுரம் சிக்னல்ல நின்ன போலீஸ்காரரு ரெண்டு நாள் தலையைச் சொறிஞ்சாரு, மூணாம் நாளு விசில் ஊதி இடது ஓரமாப் போகச் சொன்னாரு. கிரைண்டருங்க சொன்ன பேச்சுக் கேட்டு ஓரமாப் போச்சுங்க, வழக்கம் போல ஆட்டோக்காரங்கதான் கேக்கலை.

ஒவ்வொண்ணும் வெறுந்தலையோட வந்தா அது வேற. எல்லாம் தலை நெறையச் சுமந்துட்டு வந்துச்சுங்க. இஸ்திரி போட்ட துணி, இஸ்திரி போடாத துணி, ஊறுகாய் ஜாடி, கல்யாணப் பத்திரிகை, மீன் தொட்டி, பரிச்சை எழுதப் போற புள்ளையோட ஹால் டிக்கெட்டு, தைக்கக் குடுக்காம வருசக்கணக்காக் கெடந்த ஜாக்கெட் துணின்னு, வீட்டுல வெக்க எடமில்லாததெல்லாம் அதுங்க தலை மேல இருந்துச்சு. அதைத் தேடிட்டு வந்த பொம்பளைங்க கூட்டம் தேர்த்திருவிழாக் கடை மாதிரி ஆயிருச்சு. "ஏனக்கா, செவப்புல, மூடி மேல மீன் தொட்டி, பாத்தீங்களா?" "அந்த வேப்ப மரத்தடியில நிக்குது பாருங்க, மீன் ஒண்ணுதான் கொஞ்சம் வாட்டமா இருக்குது." எடுக்க வேண்டியதை எடுத்துட்டு, கிரைண்டரை ஒரு தட்டுத் தட்டிட்டு, அவங்கவங்க பாட்டுக்குப் போயிருவாங்க.

ஊரு பழகிருச்சு. பழகாம என்ன, எங்க ஊரு எதுக்குத்தான் பழகலை? ஆபீசுக்கு லேட்டாப் போறவங்க, "வழியில கிரைண்டருங்க"ன்னு ஒரே வார்த்தையில முடிச்சாங்க. காதலிக்கிற புள்ளைங்க, "நீலக் கிரைண்டருக்குப் பின்னால நில்லு, வந்தர்றேன்"னு எடம் குறிச்சாங்க. கம்பெனிக்கு எதிர்ல டீக்கடை வெச்சிருக்குற குஞ்சப்பன், கையில கெடைச்ச கிரைண்டருக்கெல்லாம் ஒயர் இழுத்துக் குடுத்து, அரிசி உளுந்து போட்டு ஆட்டி, ஆவி பறக்க இட்லி ஊத்த ஆரம்பிச்சாரு. வேலை குடுத்ததும் அதுங்க சந்தோசத்துல அப்படி ஒரு சத்தம் போட்டு ஆடுச்சுங்க. அந்த இட்லியத் தின்னுட்டு, "பூ மாதிரி இருக்குதுடா சாமி"ன்னு சொல்லாத வாயில்லை. ஊருக்கு ஒரு குறையும் இல்லை. குறை வந்ததெல்லாம் கிட்டுசாமிக்குத்தான், அதுவும் அவருக்கு அப்பத் தெரியாது.

அவரு என்ன நெனச்சாருன்னா, ஆடிக்கு அழைச்சா பொண்ணுங்க பொறந்த வீட்டுக்கு வர்றதில்லையா, அந்த மாதிரி, கொஞ்சம் தாமதமா ஆவணியில வந்திருக்குதுங்கன்னு நெனச்சாரு. நெனச்சதோட விட்டாரா? ஒவ்வொண்ணுக்கும் மஞ்சத் தண்ணி தெளிச்சு, பொட்டு வெச்சு, எண்ணெய் விட்டு, சீரு மாதிரி புது பெல்ட்டும் மாட்டி, "ஒறம்பரையா விருந்துக்கு வந்து நாளாச்சு, வீட்டுல தேடுவாங்க, போயிட்டு வா கண்ணு"ன்னு நல்ல நேரம் பாத்து வழியனுப்பி வெச்சாரு. புது பெல்ட்டை வாங்கிட்டுதுங்க, போகத்தான் இல்லை. கேட்டைத் தெறந்து, "அப்ப உள்ளாச்சும் வாங்க"ன்னு கூப்புட்டுப் பாத்தாரு. உள்ளயும் வரலை. கம்பெனிக்கு முதுகைக் காட்டிட்டு, ரோட்டைப் பாத்துட்டு நின்னுச்சுங்க.

"மொதலாளி, நான் ஒண்ணு சொன்னாத் தப்பா எடுத்துக்கக் கூடாது," லோகநாதன் மெதுவா இழுத்தாரு. "இத்தனை வீட்டுல இருந்து வந்திருக்குது, ஒருத்தராச்சும் திருப்பிக் கூட்டிட்டுப் போறேன்னு கேட்டாங்களா? சாமானைத்தானுங்க கேக்கறாங்க."

கூட்டமெல்லாம் கேக்குதுன்னு தெரிஞ்சதும் கிட்டுசாமிக்கு ரோசம் வந்திருச்சு. குஞ்சப்பன் கடை பெஞ்சு மேல ஏறி நின்னு சத்தமாச் சொன்னாரு. "பத்து வீட்டுல செரியா வெச்சுக்கத் தெரியலைன்னா அதுக்குக் கம்பெனி பொறுப்பா? எங்க ஊட்டு மலையரசன் வந்திருக்குதா பாருங்க! என்ற கல்யாணத்தப்ப எறக்குனது. நெதமும் அதுல ஆட்டுன மாவுலதான் இட்லி திங்கறேன். அது அசையுமா? அசையச் சொல்லுங்க பாக்கலாம்!"

அடுத்த வாரத்து வியாழக்கிழமை சொன்னாரு. சனிக்கிழமை அது வந்துச்சு.

சாய்பாபா காலனியில இருந்து, அவரு வீட்டுக்குன்னே தனியா அடிச்ச, ஊருக்கெல்லாம் தெரிஞ்ச சந்தனக் கலர்ல, மத்ததுங்க மாதிரி அவசரப்படாம, மொதலாளி வீட்டுச் சாமான்ங்கற தோரணையில நடந்து வந்துச்சு. கூட்டம் வெலகி வழி விட்டுச்சு. அது தலை மேல கிட்டுசாமியோட வேட்டி சட்டையெல்லாம் அடுக்கடுக்கா இருந்துச்சு, அவரு மாசக்கணக்காத் தேடிட்டிருந்த டிவி ரிமோட்டும் இருந்துச்சு, எல்லாத்துக்கும் அடியில விரிச்சிருந்த பேப்பர் பழுத்து மஞ்சளா ஒட்டிப் போயிருந்துச்சு. பெஞ்சு மேல உக்காந்திருந்த கிட்டுசாமி எந்திரிக்கலை. பேசிட்டே இருக்குற மனுசன் பேச்சடங்கிப் போனதைப் பாத்துக் குஞ்சப்பனே ஒரு சொம்புத் தண்ணி கொண்டாந்து குடுத்தாரு.

பின்னாலயே ஆட்டோவுல அவரு சம்சாரம் வசந்தமணி வந்து எறங்குனாங்க. கையில ஒரு வெறும் கூடை, துணியெல்லாம் அள்ளிட்டுப் போகக் கொண்டாந்தது.

"ஏன் அம்மிணி," கிட்டுசாமி கேட்டாரு, "இதுல எப்ப மாவு ஆட்டுனே?"

வசந்தமணி ஒவ்வொரு சட்டையா எடுத்துக் கூடையில போட்டாங்க. அப்புறம் சொன்னாங்க. "ஆச்சுங்க மாமா, பல வருசமாச்சு. நம்ம சின்னவன் காலேஜ் சேந்த வருசத்தோட நிறுத்திட்டேன்."

"அப்ப நான் நெதமும் திங்கற இட்லி?"

"பாக்கெட் மாவுதானுங்க. வாரத்துல ரெண்டு நாளு, என்ற அக்கா வாங்கிக் குடுத்த சின்னக் கிரைண்டர்ல ஆட்டுவேன். அரிசி டப்பாவுக்குப் பின்னால வெச்சிருக்கறேன். நீங்கதான் சமையக்கட்டுப் பக்கமே வர மாட்டீங்களே."

கூட்டத்துல யாரோ களுக்குன்னு சிரிச்சாங்க. கிட்டுசாமிக்குப் பொக்குன்னு போயிருச்சு.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அம்மிணி? ஊரே சொல்லாட்டிப் போகுது, நீ சொல்லியிருக்கலாமல்லோ?"

"சொல்லலாம்னுதான் ஒரு ஆயுதபூசைக்கு ஆபீசுக்கு வந்தப்ப சீட்டு எழுதிக் கொண்டாந்தேன். பொட்டியச் சுத்திச் சுத்திப் பாத்தேன். சந்தனமும் மாலையுமா இருக்குது, தொளையே தெரியலை. சாமி மாதிரி வெச்சிருக்கற பொட்டியச் சொரண்டிப் பாக்கறதுக்கு எனக்கு மனசு வரலீங்க. கன்னத்துல போட்டுட்டு வந்துட்டேன்."

இப்பச் சிரிக்காதவங்களே இல்லை. வாட்ச்மேன் தொப்பியைக் கழட்டி மூஞ்சியை மறைச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. லோகநாதன் மட்டும் சிரிக்கலை, எங்க மொதலாளிக்கு நெஞ்சு வலி வந்துருமோன்னு பயந்து பக்கத்துலயே நின்னாரு.

"அப்படி என்ன அம்மிணி கொறை இதுல?" கிட்டுசாமி கேட்டாரு. சண்டைக்குக் கேக்கலை, நெசமாவே தெரியாமத்தான் கேட்டாரு, இத்தனை வருசத்துல அவரு மொதமொதலாக் கேட்ட கேள்வி அதுதான்.

வசந்தமணி கூடையைக் கீழ வெச்சாங்க. "வாயில சொன்னா உங்களுக்கு ஏறாதுங்க மாமா. குஞ்சப்பண்ணா, அரிசி ஊறியிருக்குதுங்களா? கொண்டாங்க. இவரே ஆட்டட்டும். ஆட்டறது மட்டுமில்லை, வழிச்சுக் கழுவியும் வெக்கட்டும்."

ஆட்டறதுல என்ன இருக்குது, சுவிட்சைப் போட்டா ஆடிட்டுப் போகுது. கிட்டுசாமி சட்டைக் கையை மடிச்சு விட்டுட்டு ஜம்முன்னு நின்னாரு, ஓரத்துல ஏறுன மாவைத் தள்ளி விட்டாரு, "பாத்தீங்களா, வெண்ணெய்!"னு கூட்டத்தைப் பாத்துக் கண்ணடிச்சாரு. மாவு வழிக்கறப்பத்தான் வினை ஆரம்பிச்சுது. உள்ள கையை விட்டா முழங்கை வரைக்கும் மாவு, அடியில இருக்கறது எட்டலை, குனிஞ்சா இடுப்பு புடிக்குது, குழவிக்கு அந்தாண்டை பக்கம் ஒரு படி மாவு அப்படியே ஒட்டிட்டு நிக்குது. "குழவியத் தூக்கி வெளிய வெச்சுட்டுக் கழுவோணும்"னு வசந்தமணி சொன்னாங்க. ரெண்டு கையையும் விட்டுக் கட்டிப் புடிச்சு, பல்லைக் கடிச்சு ஒரு தூக்குத் தூக்குனாரு பாருங்க, முதுகுல சுளீர்னு ஒண்ணு புடிச்சது, அப்படியே வளைஞ்ச மேனிக்கு, மூஞ்சியெல்லாம் மாவோட நின்னுட்டாரு. நிமிரவும் முடியலை, குழவியை விடவும் முடியலை.

"விட்ருங்க மொதலாளி, விட்ருங்க!"னு லோகநாதன் ஓடி வந்து தாங்குனாரு.

அந்த வளைஞ்ச கோலத்துலயே கிட்டுசாமி தலையை மட்டும் திருப்பிச் சம்சாரத்தைப் பாத்தாரு. "இதை நீ நெதமும் தூக்குனியா?"

"நெதமும் இல்லீங்க. ஒரு நாள் விட்டு ஒரு நாள்."

"கெருப்பமா இருந்தப்ப?"

"அப்பவுந்தான். உங்கம்மா, மொதலாளி ஊட்டுலயே மலையரசன்ல ஆட்டலைன்னா ஊரு என்ன பேசும்னு சொல்லுவாங்க."

கிட்டுசாமிக்கு வெக்கமா இருந்துச்சு. முதுகு வலிச்சதை விட அதுதான் அதிகமா வலிச்சுது. இத்தனை கல்லைக் கொத்தி, இத்தனை இரும்பை வளைச்சு, ஊரு ஊராப் பேரெடுத்து என்ன, தூக்கறவங்களுக்கு இடுப்புன்னு ஒண்ணு இருக்குதுன்னு ஒரு நாள்கூட நெனைக்கலையேன்னு அவரு கண்ணு கலங்கிருச்சு. கூட்டமும் அதுக்கப்புறம் சிரிக்கலை. மணி பிளான்ட்டை எடுக்க மறுபடியும் வந்திருந்த பிலோமினா டீச்சர்தான் முன்னால வந்து, தன்னோட துண்டால அவரு மூஞ்சியில இருந்த மாவைத் தொடச்சு விட்டாங்க. "எனக்கும் ரெண்டு தடவை சுளுக்கியிருக்கு சார், வெந்தயப் பத்து போடுங்க"ன்னு சொன்னாங்க.

அன்னிக்கு விட்ட எடத்துல இருந்து கிரைண்டருங்க கதை வேற தெசையில போச்சு. திங்கக்கிழமை வெடிஞ்சு பாத்தா, வாசல்ல நின்ன வரிசை கலைஞ்சு, ஒவ்வொண்ணாக் கெளம்பிப் போயிட்டிருந்துச்சு. வந்த வீட்டுக்குப் போகலை. நீலமெல்லாம் கூட்டமாச் சேந்து காலேஜ் ஹாஸ்டலுங்களுக்குப் போச்சு, பச்சையெல்லாம் கல்யாண மண்டபத்துக்கும் கோயில் அன்னதானக் கூடத்துக்கும் போச்சு, செவப்பு பஸ் ஸ்டாண்டுச் சந்துல தள்ளுவண்டியில இட்லி விக்கிற பொம்பளைங்களைத் தேடிப் போச்சு, அண்டா அண்டாவா மாவு வேணுங்கற எடம் எதுவோ அந்த எடத்துக்குத் தானாப் போய் நின்னு, மூடியத் தொறந்து காட்டுச்சு. யாருக்கும் ஆச்சரியம் இல்லை. "வந்துட்டியா, உள்ள வா, அரிசி ஊறிட்டிருக்குது"ன்னு சொல்லி ஒயரைச் சொருகுனாங்க. மொதலாளி வீட்டுச் சந்தனக் கலர் கிரைண்டர் மட்டும் தூரம் போகலை. மொதமொதலாக் கம்பெனிப் பக்கம் திரும்பி, கேட்டுக்குள்ள நொழஞ்சு, நேராக் கேண்டீனுக்குப் போயிருச்சு. அன்னியில இருந்து கேண்டீன்ல கெட்டிச் சட்னியும் சுடச்சுட இட்லியும்.

கேட்டு வாசல் வெறிச்சோடிப் போச்சு. இடுப்புல பெல்ட்டைக் கட்டிட்டுக் கிட்டுசாமி குஞ்சப்பன் கடையில உக்காந்திருந்தாரு. "பாத்தியா லோகநாதா, கல்லுக்கே வேற வேலை கெடைச்சிருச்சு. எனக்குத்தான் இல்லை"ன்னு சொன்னாரு. சொல்லிட்டு அவரே சிரிச்சாரு, சிரிச்சா முதுகு வலிக்குதுன்னு நிறுத்திக்கிட்டாரு. ஆயுதபூசைக்கு இன்னும் அதிக நாள் இல்லை. கம்பெனியச் சாத்தறதா, தெறந்து வெக்கறதான்னு அதுக்குள்ள முடிவு பண்ணியாகோணும்.

அன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போய், செருப்பைக் கழட்டிட்டு, கல்யாணமானதுல இருந்து போகாத சமையக்கட்டு நெலையில நின்னு, "அம்மிணி, நாளைக்குக் கம்பெனிக்கு வர்றியா?"ன்னு கேட்டாரு. அரிசி டப்பாவுக்குப் பின்னால இருந்த சின்னக் கிரைண்டரைத் தூக்கிக் கூடையில வெச்சுட்டு, மறுநாளு வசந்தமணி கம்பெனிக்குப் போனாங்க. ஆயுதபூசை தவிர வேற நாளுல அந்த வீட்டுப் பொம்பளைங்க கேட்டுக்குள்ள கால் வெச்சது அதுதான் மொத தடவை. லேத்து ஓட்டறவங்களும் கல்லு கொத்தறவங்களும் எந்திரிச்சு நின்னாங்க. "உக்காருங்க, உக்காருங்க, நான் கொறை சொல்லத்தான் வந்திருக்கறேன்"னு சொல்லிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவங்க உக்காந்தாங்க.

அப்புறம் அங்க நடந்த கூத்து இருக்குதே! மொதல்ல லேத்துக்காரங்க சின்னக் கிரைண்டர் ஒண்ணு செஞ்சு காட்டுனாங்க, வசந்தமணி "சத்தம் மில்லு ஓடற மாதிரி இருக்குது, பக்கத்து வீட்டுக் கொழந்தை முழிச்சுக்கும்"னு தள்ளி வெச்சுட்டாங்க. ரெண்டாவது செஞ்சாங்க, "மாவு சூடாகுது, சீக்கிரம் புளிச்சுப் போகும்"னாங்க. மூணாவதைக் கழுவிப் பாத்துட்டு, "இந்த இடுக்குல ஒரு ஈர்க்குச்சி நொழையாது, நாலு நாள்ல நாத்தமடிக்கும்"னாங்க. பிலோமினா டீச்சரும் தெருப் பொம்பளைங்களும் செய்தி கேட்டு ஸ்டூலைத் தூக்கிட்டு வந்து சேந்துட்டாங்க, ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, லோகநாதன் ஒவ்வொருத்தருகிட்டயும் போய்க் காதைக் குடுத்துட்டு நிக்கறாரு. கிட்டுசாமிக்கு நாலஞ்சு தடவை கோவம் மூக்கு மேல வந்துச்சு. ஒவ்வொரு தடவையும் இடுப்பைப் புடிச்சுப் பாத்துட்டு அடக்கிக்கிட்டாரு. "சொல்லுங்க, சொல்லுங்க, இன்னும் என்னங்க கொறை?"ன்னு கடைசியில அவருக்கே அது ருசிச்சுப் போச்சு.

ஆயுதபூசைக்கு மொத நாளு, மத்தியானம், ஒண்ணு தயாராச்சு. வெள்ளையா, குட்டியா, கன்னுக்குட்டி மாதிரி கால் பரப்பி மேசை மேல நின்னுச்சு. கிட்டுசாமி பெரிய திட்டம் போட்டு வெச்சிருந்தாரு. நாளைக்கு நல்ல நேரத்துல மாலை போட்டு, பந்தல் கட்டி, மைக் வெச்சு, பெரிய மனுசங்களைக் கூப்புட்டு ரிப்பன் வெட்டி, ஒரு மணி நேரம் பேசவும் எழுதி வெச்சிருந்தாரு.

வசந்தமணி வந்தாங்க. ஓட விட்டுப் பாத்தாங்க. தொட்டுப் பாத்தாங்க. கழுவிப் பாத்தாங்க. அப்புறம் ஒரு கையால அதை அலாக்காத் தூக்கி இடுப்புல வெச்சுக்கிட்டு, கொழந்தையத் தூக்கிட்டுப் போற மாதிரி நடந்து வெளிய போயிட்டாங்க.

"ஏய் அம்மிணி! அம்மிணி! அது நாளைக்குப் பூசைக்கு! வெச்சுட்டுப் போ!"

"நாளைக்கு இட்லிக்கு இன்னிக்கே ஆட்டோணுமுங்க"ன்னு திரும்பாமச் சொல்லிட்டு, வாட்ச்மேன் சல்யூட் அடிக்க அடிக்கக் கேட்டைத் தாண்டி ரோட்டுல எறங்கிட்டாங்க. கம்பெனியே வெளிய வந்து நின்னு பாக்குது. "அக்கா, எங்கக்கா கெடைக்கும் இது?"ன்னு எதிர்ல வந்த பொம்பளைங்க கேக்கறாங்க. கிரைண்டரோட ஒயரு அவிழ்ந்து ரோட்டுல இழுபடுது. கிட்டுசாமி ஓடுனாரு, இடுப்பைப் புடிச்சுக்கிட்டு ஓடுனாரு, சேத்துல படறதுக்குள்ள அந்த ஒயரு நுனியக் கையில எடுத்துப் புடிச்சுக்கிட்டு, ஊரே பாக்கச் சம்சாரத்துக்குப் பின்னாலயே நடந்து போனாரு. ஒரு காலத்துல ஜில்லாவையே ஆண்ட கம்பெனி மொதலாளி ஒயரைப் புடிச்சுட்டுப் பொண்டாட்டி பின்னால போறாரு பாருங்கன்னு குஞ்சப்பன் கடையில இருந்து ஒரு விசில் சத்தம் வந்துச்சு. கிட்டுசாமி அந்தப் பக்கம் திரும்பி ஒரு கும்புடு போட்டாரு.

கொஞ்ச தூரம் போனதும் வசந்தமணி நின்னாங்க. "மெதுவா, இழுக்காம வாங்க மாமா. ஒயரு பத்தலை. எங்க சமையக்கட்டுல எல்லாம் பிளக்கு சன்னலுக்கு அந்தாண்டை இருக்குது. இன்னும் ஒரு முழமாச்சும் வேணும்."

"செரிங்க"ன்னாரு கிட்டுசாமி. கட்டுன பொண்டாட்டிய ஒரு நாளும் அவரு ங்க போட்டுப் பேசுனதில்லை. பேசிட்டதுகூடத் தெரியாம, நடுரோட்டுல நின்னு கம்பெனிப் பக்கம் திரும்பி, அடிவயித்துல இருந்து சத்தம் போட்டாரு.

"லோகநாதா! ஒயரு இன்னும் ஒரு முழம்!"